கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே அறையில்

"இந்த வயதில் எனக்கு எதற்குப் படிப்பு?" நம் பங்குகளில் விவிலிய வகுப்புக்கு அழைக்கும்போது பலர் இவ்வாறு சொல்லக் கேட்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னே பெரும்பாலும் இருப்பது சோம்பல் அல்ல, கூச்சமே. அதைப் போக்கப் பாடநூல் மட்டும் போதாது. அவரை அறிந்து உடன் நடக்கும் வழித்துணை ஒருவர் வேண்டும்.

இதற்குப் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்வு நல்ல சான்று. 1521ஆம் ஆண்டு பம்பலோனா போரில் குண்டடிபட்டு, நோய்ப்படுக்கையில் மனமாற்றம் அடைந்தவர் அவர். ஆன்மாக்களுக்கு உதவக் கல்வி தேவை என உணர்ந்து, 1524இல் பார்சலோனாவில் இலத்தீன் கற்கத் தொடங்கியபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். 1528இல் பாரிசுக்குச் சென்றார். அடித்தளம் போதவில்லை எனக் கண்டு, அங்கும் சிறுவர்களோடு அமர்ந்து மீண்டும் இலத்தீன் படித்தார்.

அடுத்த ஆண்டு புனித பார்பரா கல்லூரியில் அவருடைய அறைத் தோழர்களாக இருந்தவர்கள் பீட்டர் ஃபேபரும், 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரும். இருவரும் அவரைவிட ஏறக்குறைய 15 வயது இளையவர்கள். மெய்யியல் பாடத்தில் இஞ்ஞாசியாருக்கு உதவும் பொறுப்பு ஃபேபரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஃபேபரோ மனச்சான்றின் உறுத்தல்களால் வாடிக்கொண்டிருந்தார். பாடத்தில் இளையவர் ஆசிரியர். ஆன்ம வாழ்வில் மூத்தவர் வழிகாட்டி. இஞ்ஞாசியார் அவசரப்படவில்லை. சில ஆண்டுகள் உடனிருந்த பின்னரே, 1534இல், ஃபேபருக்கு ஆன்மிகப் பயிற்சிகளை அளித்தார். அதே ஆண்டில் ஃபேபர் குருவானார். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலிலும் இதே அணுகுமுறையைக் காண்கிறோம். பயிற்சி பெறுபவரின் வயது, கல்வி, ஆற்றல் ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சிகளை அமைக்க வேண்டும். வழிகாட்டுபவர் சுருக்கமாகப் பேச வேண்டும். பெறுபவர் தாமே உண்மையைக் கண்டு சுவைக்க இடம்தர வேண்டும். இறைவன் அவரோடு நேரடியாகச் செயல்பட விட்டுவிட வேண்டும்.

எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவரும் முதலில் கேட்டார். சீடர்களின் துயரத்தைச் செவிமடுத்தார். பிறகே மறைநூலை விளக்கினார் (லூக் 24:13-35).

நம் பங்கில் திருமுழுக்குக்கு ஆயத்தமாகும் பெரியவர்கள், முதுமையில் எழுத்தறிய விரும்பும் தாய்மார்கள், படிப்பைப் பாதியில் விட்ட இளையோர் இருக்கிறார்கள். அவர்களிடம், "உங்களுக்கு என்ன தெரியாது?" என்று கேட்காமல், "உங்கள் உள்ளத்தில் இருக்கும் கேள்வி என்ன?" என்று கேட்டுத் தொடங்குவோம். அவர்களிடமிருந்து நாம் கற்பதற்கும் ஆயத்தமாக இருப்போம். அப்போது கூச்சம் விலகும், கற்றல் தொடரும்.