குர்து மலையடிவாரத்தில் ஒரு கோதுமைக் கிராமம்

உப்புமாவுக்கு நாம் வாங்குகிற சம்பா கோதுமை இருக்கிறதே, அதன் பூர்வீகம் எது தெரியுமா? மேற்கு ஆசியா. இராக் நாட்டின் வடக்கே, குர்து இன மக்கள் வாழும் மலையடிவாரத்தில் சம்சமால் என்றொரு வட்டாரம். அங்கே ஜார்மோ என்ற மேட்டை 1948 முதல் சில ஆண்டுகள் ராபர்ட் பிரெய்ட்வுட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தோண்டிப் பார்த்தார். உள்ளே சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்திய கிராமம்! இருபத்தைந்து மண்வீடு, ஏறக்குறைய 150 பேர். சம்பா கோதுமை இனம், பார்லி, பட்டாணி எல்லாம் கிடைத்தன. ஆடு வளர்த்திருக்கிறார்கள். கதிர் அறுத்தது கல் அரிவாளால்.

காட்டுக் கோதுமை முற்றினால் மணி தானாக உதிர்ந்து விடும். உதிராத கதிரைப் பார்த்துப் பொறுக்கி, அதையே விதைத்து விதைத்துத்தான் அந்த ஜனங்கள் வயல் கோதுமையை உண்டாக்கினார்கள். விதைத் தேர்வு என்று நாங்கள் கூட்டம் போட்டுச் சொல்கிறோமே, அதை அவர்கள் அன்றைக்கே செய்து விட்டார்கள்.

அதே வட்டாரத்தில், சிறிய ஜாப் ஆற்றின் கரையில் கோப்தப்பா என்ற கிராமம் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது அந்த ஊரின் கதைதான். அந்தப் பக்கம் குளிர்கால மழையில் கோதுமை விதைத்து, கோடை தொடங்கும்போது அறுப்பார்கள். மானாவாரிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வானத்தைப் பார்த்த பிழைப்பு.

குர்துகள் சுயாட்சி கேட்டு இராக் அரசோடு பல காலம் போராடி வந்தார்கள். 1975-ல் இராக்கும் ஈரானும் அல்ஜியர்ஸில் ஒப்பந்தம் செய்து கொண்டதும் ஈரானிலிருந்து வந்த உதவி நின்றது, போராட்டம் முறிந்தது. எல்லையோரக் கிராமங்களை அரசு காலி செய்தது. 1980-ல் அந்த இரண்டு நாடுகளுக்குமே போர் மூண்டது. 1987 ஜூனில் கிராமப்புறத்தின் பெரும்பகுதி ‘தடைப் பகுதி’ ஆயிற்று. அதற்குள் உணவோ இயந்திரமோ போகக்கூடாது. அங்கே காணப்படும் மனிதரோ மிருகமோ உயிரோடு இருக்கக்கூடாது என்று எழுத்திலேயே ஆணை. உழுகிற மாட்டுக்கும் சேர்த்துத்தான், பாருங்க.

1988-ல் வந்த படையெடுப்புக்கு ‘அன்ஃபால்’ என்று பெயர். நம்ம காதுக்கு அன்பு மாதிரி கேட்கும். அரபியில் போர்க்கொள்ளை என்று பொருள். மே 3-ந் தேதி மாலை கோப்தப்பா மேல் விமானங்கள் விஷவாயுக் குண்டு போட்டன. கோதுமை முற்றி, அறுவடை நெருங்குகிற நேரம். 150 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த ஆண்டுப் படையெடுப்பில் மொத்தம் 50,000-லிருந்து ஒரு லட்சம் பேர் வரை இறந்திருப்பார்கள் என்பது மனித உரிமை ஆய்வாளர்கள் மதிப்பீடு. சுமார் 2,000 கிராமங்கள் தரைமட்டம். பல ஊர்களில் ஊற்றுக்கண்ணைக் கான்கிரீட் ஊற்றி அடைத்தார்கள். வீடு இடித்தால் மறுபடி கட்டலாம். தண்ணீரை அடைத்தால் யார் திரும்பி வருவார்கள்? கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். பிழைத்தவர்களில் பலரை ரோட்டோரக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். உழ நிலமில்லை.

இதற்குத் தலைமை வகித்த அலி ஹசன் அல்-மஜீதுக்கு 2007-ல் மரண தண்டனை விதித்தார்கள். 2010 ஜனவரியில் தூக்கு.

1991-க்குப் பிறகு ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். எல்லைப் பக்கத்து வயல்களில் கண்ணிவெடி. ஏர் பூட்டவே பயம். அதையும் தாண்டி விதைத்தார்கள். அப்புறம்தான் இன்னொரு அடி. ஐ.நா. ஏற்பாட்டில் 1996 டிசம்பர் முதல் 2003 வரை எண்ணெய் விற்ற பணத்தில் உணவு வாங்கிப் பங்கிட்டார்கள். பசித்தவருக்கு அது உயிர்தான். ஆனால் கோதுமையை வெளிநாட்டில்தான் வாங்கலாம், உள்ளூர் விவசாயியிடம் வாங்கக்கூடாது என்பது ஏற்பாடு. வீட்டுக்கு வீடு மாவு வந்தபின் களத்துக் கோதுமையை யார் கேட்பார்கள்? விலை சரிந்தது. குண்டு விழுந்தபோதுகூட விதையைக் கைவிடாத குடும்பங்களில் பலர் அப்போது நிலத்தைப் போட்டுவிட்டு டவுனுக்குப் போனார்கள்.

கோப்தப்பா இன்றும் இருக்கிறது. 1988-ல் மாண்டவர்களின் இடுகாடு ஊரிலேயே இருக்கிறது.