பார்ன்ஸ்லியின் சனிக்கிழமையும் எங்கள் தோட்டத்துச் சனிக்கிழமையும்

2023ஆம் ஆண்டில் விமல் யோகநாதன் என்ற பதினேழு வயது இளைஞர் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்காகக் களமிறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் விளையாடிய முதல் தமிழர் என்று ஊடகங்கள் எழுதின. 'முதல்' என்ற சொல் எங்கள் தொழிலுக்கு மிகவும் பிடித்தமானது. தலைப்புக்குள் கச்சிதமாக அடங்கும். அதன்பின் யாரும் கேள்வி கேட்பதில்லை. இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எனக்கோ, இந்த 'முதல்' வந்துசேர ஏன் இத்தனை காலம் பிடித்தது என்ற கேள்வியே எழுந்தது.

விமல் 2006 ஜனவரியில் பிறந்தவர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. வட வேல்ஸின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தார். சிறுவயதிலேயே லிவர்பூல் கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது. பின்னர் அங்கிருந்து விலகி, 2022இல் பார்ன்ஸ்லியின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். நடுக்கள ஆட்டக்காரர். வேல்ஸ் இளையோர் அணிக்கும் ஆடியவர். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் வாசித்துவிடலாம். ஆனால் இங்கிலாந்தின் கழகங்கள் ஒன்பது வயதுக்குட்பட்ட பிரிவிலிருந்தே சிறுவர்களைப் பதிவு செய்கின்றன. வாரத்தில் பல மாலைகள் பயிற்சி, அதற்குப் பெற்றோரின் காரோட்டம், பதினாறு வயதில் பயிலுநர் இடம், பதினேழில் முதல் ஒப்பந்தம் என்று ஏணி நீள்கிறது. ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானோர் கழித்துவிடப்படுகிறார்கள். பதினேழு வயதில் அறிமுகமாகிறவர் உண்மையில் எட்டு, ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள ஆட்டக்காரர்.

அந்த ஏணியோ அவர் பிறப்பதற்கு நூற்றாண்டுக்கு மேலாகவே கட்டப்பட்டு வந்தது. பார்ன்ஸ்லி ஒரு நிலக்கரிச் சுரங்க நகரம். கழகத்தின் சின்னத்தில் இன்றும் ஒரு சுரங்கத் தொழிலாளியும் ஒரு கண்ணாடித் தொழிலாளியும் நிற்கிறார்கள். 1887இல் டிவர்ட்டன் பிரீடி என்ற பாதிரியார் அதைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலைவாங்கத் தடை விதித்திருந்தது. அந்த அரைநாள் ஓய்வு மெல்ல மற்றத் தொழில்களுக்கும் பரவியது. ஆங்கிலேயரின் ஆட்டங்கள் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1885இல் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குவது சட்டபூர்வமானது. 1912இல் இந்தச் சுரங்க நகரம் எஃப்.ஏ. கிண்ணத்தையே வென்றது. 1984–85 வேலைநிறுத்தத்தின் பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, கழகம் மூடப்படவில்லை.

அதே காலத்தில் சப்ரகமுவ மலைகளில் என்ன நடந்தது? 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த இறப்பர் நாற்றுகள், அடுத்த சில பத்தாண்டுகளில் இரத்தினபுரி, கேகாலைச் சரிவுகளை நிறைத்தன. உலகத்துப் பந்துகளின் தோலுக்குள் இருந்த பை இறப்பரால் ஆனது. அதில் எங்கள் பால்வெட்டுக்காரர்களின் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கும். துரைமாருக்குக் கிளப்பும் ரக்பியும் இருந்தன. தொழிலாளிக்குச் சனிக்கிழமை என்பது விடியலில் பெரட்டுக்கு நின்று பேர் போடும் இன்னொரு நாள், அவ்வளவே. சமதரை என்றால் தொழிற்சாலையைச் சுற்றி மட்டுமே. அங்கே விளையாட அனுமதி வேண்டும். நாங்கள் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து, லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவில் ஆடினோம். பந்து கீழே உருண்டுவிட்டால் ஆட்டம் கால்மணி நேரம் நிற்கும்.

நேரமும் நிலமும் கிடைத்தாலும் மூன்றாவதாக ஒன்று வேண்டும்: காகிதம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரச்சினை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. கடவுச்சீட்டுப் பெற முடியாத ஒருவன் எவ்வளவு திறமையாக ஆடினாலும் தேசிய அணியின் சட்டையை அணிய முடியாது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. சரிவில் என்னோடு ஆடியவர்களில் நால்வரின் குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போயின, இருவர் கப்பலேறினார்கள். எங்கள் அணி அத்தோடு கலைந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க மலேசியா இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அங்கும் தமிழர்கள் இறப்பர் வெட்டவே போனார்கள். அங்கும் சிவப்பு அடையாள அட்டையோடு காலந்தள்ளியவர்கள் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் 1957 சுதந்திரத்தின்போது குடியுரிமையின் கதவு அவர்களில் பலருக்குத் திறந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் சந்திரன் இருந்தார். 1980இல் தென்கொரியாவை வென்று மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற அணியின் இலக்குக் காப்பாளர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். புறக்கணிப்பால் அந்த அணி மொஸ்கோ போகவில்லை. 1988இல் ஆறுமுகம் வீதி விபத்தில் இறந்தார். இருந்தாலும் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அவரைப் பார்த்துக் கையுறை மாட்டினார்கள். எங்களுக்கு அப்படிப் பார்க்க யாரும் இருக்கவில்லை.

விமலின் பெற்றோர் எங்கள் தோட்டத்து வழியினர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரை மலையகத்தின் கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையாகாது. இங்கிலாந்தும் ஆசியர்களுக்கு வாசலை அகலத் திறந்துவைத்த நாடன்று. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல் ஆசியர்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களிலோ தெற்காசியர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உடல்வாகு போதாது, பெற்றோர் படிப்பைத்தான் விரும்புவார்கள் என்ற பேச்சுகளைத் தாண்டித்தான் அந்தப் பையன் போயிருக்கிறார். அவருடைய உழைப்பை நகரின் வரலாற்றிலோ பெற்றோரின் காரிலோ கரைத்துவிடவும் கூடாது.

அவர் லிவர்பூலில் பழகிய அதே ஆண்டுகளில் எங்கள் தோட்டங்களில் பேசப்பட்டது தனிவீடும் காணியும்தான். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று 2015க்குப் பின் ஒரு திட்டம் நடந்தது. வேண்டிய திட்டம், பல இடங்களுக்கு அது இன்னும் வந்துசேரவில்லை. ஏழு பேர்ச்சில் ஒரு வீடு கட்டலாம். முழு அளவு உதைபந்தாட்ட மைதானம் ஒன்றுக்கு ஏறத்தாழ 280 பேர்ச் வேண்டும், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர் சமதரை.