கரைவலையும் மறைக்கல்வியும்

சென்ற மாதம் ரொறொன்ரோவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஆலங்குடாவிலே பிறந்து வளர்ந்து, திருமணத்தின் பின்னர் கனடாவிற் குடியேறிய ஒரு சகோதரி. "அண்ணா, எங்கள் பங்கிலே சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேதாகமத்தைக் கையில் எடுத்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. நீங்கள் பழைய சரித்திரமெல்லாம் படிக்கிறவர். இந்த வேலைக்கு முன்னே இருந்தவர்கள் எப்படி ஆயத்தம் செய்தார்கள்?" என்று கேட்டார்.

நான் சமய போதகன் அல்லன். ஆயினும் அவருடைய கேள்வி ஒரு சரித்திரக் கேள்வி. கேட்டவரோ கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் நடந்தவர். எனவே அவருக்குச் சொன்ன விடயங்களைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

புத்தளம் களப்பிற்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலமே கற்பிட்டிக் குடாநாடு. நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில, கற்பிட்டி என்பன அதிலுள்ள ஊர்கள். தென்னையும் மணலும் மீன்பிடியும் இந்நிலத்தின் அடையாளங்கள். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இங்கு தலைமுறை தலைமுறையாக அயலவர்களாக வாழ்ந்து வருகின்றனர். தலவிலவிலுள்ள புனித அன்னம்மாள் ஆலயத்தின் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நாட்டின் நாலா திசைகளிலுமிருந்தும் தமிழரும் சிங்களவரும் பல்லாயிரக்கணக்கிற் கூடுவர். அன்னம்மாள் மரியாளின் தாய் என்பது மரபு. கிறிஸ்தவ ஓவியங்கள் பலவற்றில் அவர் சிறுமி மரியாளுக்குப் புத்தகத்தைக் காட்டி எழுத்துக் கற்பிக்கும் கோலத்திலேயே காணப்படுகிறார். பிள்ளைக்குக் கற்பிக்கும் ஒரு தாயின் பெயரால் அறியப்படும் கரையிலே பிறந்தவர், கற்பிப்பது எவ்வாறு என்று கேட்டது பொருத்தமானதே.

தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ மறையைக் கற்பிக்கும் முயற்சி, நாமறிந்த வரையில், கடலுக்கு அப்பால் முத்துக்குளித்துறையிலே பெருமளவில் ஆரம்பமாயிற்று. 1542ஆம் ஆண்டு கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியிலே தென்பாண்டிக் கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கேயமும் தமிழும் ஓரளவு தெரிந்த உள்ளூரவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, செபங்களையும் கட்டளைகளையும் விசுவாச அறிக்கையையும் தமிழாக்குவித்தார். பின்னர் அவற்றைச் சொல் சொல்லாக மனனம் செய்தார். அதன் பிறகே கையிலே மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளை அழைத்தார். இவற்றை 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விபரித்துள்ளார். நாளுக்கு இரண்டு தடவை பிள்ளைகளைக் கூட்டினார் என்பதும், அவர்கள் கற்றதை வீட்டிலே பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பணித்தார் என்பதும் அக்கடிதத்தால் தெரியவருகின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. விசுவாச அறிக்கையிலே "விசுவசிக்கிறேன்" என்ற பொருள் வரவேண்டிய இடத்தில், அந்த முதல் மொழிபெயர்ப்பில் "வேண்டும்" என்ற பொருள்தரும் சொல் புகுந்துவிட்டது. நம்புகிறேன் என்று சொல்வதாக எண்ணிக்கொண்டு, எனக்கு வேண்டும் என்று பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள்! தவறு தெரிந்ததும் சவேரியார் தம் உடன்பணியாளரான மன்சிலாசுக்கு 1544இல் கடிதம் எழுதி, சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டார். பின்னாளிலே புனிதராக உயர்த்தப்பட்ட ஒருவர், தாம் கற்பித்தது பிழை என்று ஒப்புக்கொண்டு திருத்தினார். கற்பிப்பவரின் ஆயத்தத்திலே முதற் படி இதுதான்: தாம் சொல்லும் சொல்லின் பொருள் தமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதிருந்தமை தெரியவந்தால் வெட்கப்படாமல் திருத்திக்கொள்ள வேண்டும்.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக்கி அடிகளார் எனப்படும் என்றீக்கே என்றீக்கசு, தமிழை இலக்கணத்தோடு கற்றார். அவர் முயற்சியால் 1578இல் கொல்லத்திலே "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. பதினாறு பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலே தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டு இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது. மறு ஆண்டு, 1579இல், கொச்சியில் "கிரிசித்தியானி வணக்கம்" வெளிவந்தது. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் போர்த்துக்கேய மொழியிலே எழுதிய நூலின் தமிழாக்கம் அது. ஆசிரியர் கேட்க மாணவர் விடை சொல்லும் முறையில் அமைந்த அந்த மூல நூல், சிறுவருக்குக் கற்பிப்பதற்கென்றே எழுதப்பட்டது. தமிழில் மிகப் பழைய அச்சு நூல்களுள் ஒன்று சிறுபிள்ளைகளின் மறைப்பாடப் புத்தகம் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

இனி நமது கரைக்கு வருவோம். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டிற் கட்டளை பிறந்தது. கற்பிட்டியிலே 1667இல் தொடங்கி 1676இல் அவர்கள் கட்டி முடித்த கோட்டை இன்றும் நிற்கிறது. ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதிகளில் ஊர்தோறும் பாடசாலை அமைத்து, தமது புரட்டஸ்தாந்து மறையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். ஆகவே ஒரு கத்தோலிக்கப் பிள்ளை பகலிலே பாடசாலையில் ஒரு மறையையும், இரவிலே வீட்டில் இன்னொரு மறையையும் கற்கும் காலம் உருவாயிற்று.

இந்நிலையிலேதான் கோவாவின் பெனோலிம் ஊரைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் கெடுபிடி மிகுந்ததால் 1690இல் புத்தளத்திற்கு வந்து சேர்ந்தார். கற்பிட்டி ஒல்லாந்தர் வசமிருக்க, புத்தளம் அப்போது கண்டி மன்னனின் ஆட்சியில் இருந்தது. 1692இல் அவர் கண்டிக்குச் சென்றபோது ஒற்றன் என்ற ஐயத்திற் சிறைவைக்கப்பட்டார். பின்னர் விடுதலை பெற்று, 1711இல் மறையும்வரை நாடெங்கும் நடந்தார். 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒரு குரு வருடத்தில் ஒரு தடவை எட்டிப்பார்ப்பதே அரிதாக இருந்த காலத்தில், மிச்ச நாட்களிலே பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர் யார்? அந்த ஊர் மனிதர்களே. யோசேவாஸ் அடிகளார் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவி என்ற பொறுப்புகளை நிலைநிறுத்தினார். மூப்பர் ஆலயத்தையும் சமூகத்தையும் கவனிப்பார். அண்ணாவி ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் நடத்துவார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். அண்ணாவி என்றால் ஆசிரியர் என்று பொருள். நாட்டுக்கூத்துப் பழக்குபவரையும் நம் மக்கள் அண்ணாவியார் என்றே அழைப்பது தற்செயலன்று. இருவரும் எழுத்தறியாத வாய்க்கும் பாடத்தை ஏற்றுகிறவர்கள். இருவரும் முதலில் தாம் மனனம் செய்து, பின்னரே பிறர் மனத்தில் பதியவைப்பவர்கள்.

அவர்களுக்கு ஏட்டைக் கொடுத்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1705இல் இலங்கைக்கு வந்த இவரும் கோவா நாட்டவரே. தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்திற் பாடப்படும் "வியாகுல பிரசங்கம்" அவருடையது. ஒல்லாந்தருக்கு 1737 முதல் கொழும்பில் அச்சுக்கூடம் இருந்தது. கொன்சால்வெசுக்கு இருந்தவை ஓலையும் எழுத்தாணியும், பிரதி எடுக்கும் சில கைகளுமே. நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடையேயுள்ள போலவத்தையில் 1742இல் அவர் காலமானார். அச்சுக்கூடம் வைத்திருந்த ஆட்சி 1796இல் போயிற்று. ஓலையிலே எழுதப்பட்டதோ கரையோர மக்களின் நாவில் நின்றது. 1806இல் பிரித்தானிய ஆட்சி கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியபோது, ஒன்றரை நூற்றாண்டாக மறைவிலே வளர்ந்த சமூகமொன்று வெளிச்சத்துக்கு வந்தது. அதைக் காப்பாற்றியவர்களுள் பெயர் தெரியாத அண்ணாவிமாருக்குப் பெரும் பங்குண்டு என்பேன்.

பின்வந்த வரலாறு சுருக்கமானது. பிரித்தானியர் காலத்தில் மிசன் பாடசாலைகள் பெருகின. மறைப்பாடம் பாடசாலை நாளின் ஒரு பகுதியாயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அதன் பின்னர் அரச பாடசாலைகளிலும் சமயம் ஒரு பாடமாக நீடித்ததாயினும், ஆலயத்தைச் சார்ந்த கல்வியின் சுமை ஞாயிற்றுக்கிழமையின் மீதும், சம்பளமில்லாத இளம் ஆசிரியர்கள் மீதும் விழுந்தது. அண்ணாவி வேறு பெயரில் மீண்டும் வந்தார் எனலாம். இம்முறை பெரும்பாலும் பெண்ணாக வந்தார்.

இக்கரையில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. நீர்கொழும்பு தொடக்கம் வடக்கு நோக்கிய கரையோரத்திலே, ஒரு காலத்தில் தமிழில் செபித்த பல கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் இருபதாம் நூற்றாண்டிலே சிங்கள மொழிமூலம் கற்று, சிங்களத்தையே வீட்டு மொழியாகவும் கொண்டனர். பாட்டி தமிழிலும் பேரப்பிள்ளை சிங்களத்திலும் செபமாலை சொல்லும் வீடுகள் தோன்றின. எந்த மொழியில் பிள்ளை முதன்முதலாகச் செபிக்கிறதோ, அந்த மொழியே அதன் உள்மொழியாக நிலைக்கிறது. ரொறொன்ரோவிலே அந்தச் சகோதரியின் முன் இருக்கும் கேள்வியும் இதுவேதான். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விளங்கிக்கொள்வார்கள். தமிழில் ஒரு செபமாவது அவர்களிடம் எஞ்சுமா?

எப்படித் தொடங்குவது என்று கேட்டாரல்லவா? மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் உள்ள வலை உவமையிலிருந்து தொடங்குங்கள் என்றேன். கடலிலே வீசப்பட்ட வலை நிறைந்ததும் கரைக்கு இழுக்கப்படுகிறது. ஆட்கள் உட்கார்ந்து நல்ல மீனைக் கூடையிலே சேர்த்து, ஆகாததை எறிந்துவிடுகிறார்கள். இங்கே வலைக்கு மூலக் கிரேக்கத்தில் வழங்கும் சொல் "சகேனே". அது தனியொருவர் கையால் வீசும் வலையன்று. பலர் சேர்ந்து கரையிலிருந்து இழுக்கும் பெருவலை. அதாவது நமது கரைவலை! ஐரோப்பியப் பேராசிரியருக்கு அடிக்குறிப்புத் தேவைப்படும் இடத்தில், கற்பிட்டிக் கரையின் பிள்ளைக்குக் கண் மட்டும் போதும். கயிற்றை இழுக்கும்போது யாரும் அயலவனைப் பார்த்து நீ யார் என்று கேட்பதில்லை. வலைக்குள்ளே எல்லா வகை மீனும் வரும். தரம் பிரிப்பது இழுக்கும்போது அன்று, இழுத்து முடிந்த பிறகு. உவமையின் உட்பொருளும் அதுவே: மனிதரைப் பிரித்துத் தள்ளும் வேலை நம்முடையதன்று.

இதை நான் வெறும் அழகுக்காகச் சொல்லவில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். ஆலங்குடாவிலும் அகதி முகாம்கள் எழுந்தன. சில மணித்தியால அவகாசத்தில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் ஓலைக் குடிசைகளிலே வளர்ந்தார்கள். தமிழ் பேசும் நாம் எளிதில் மறந்துவிடக் கூடாத வரலாறு இது. பின்னர் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் மாண்டவர்களுள் ஞாயிறு பாடசாலையை அப்போதுதான் முடித்திருந்த சிறுவர்களும் இருந்தனர். அன்று அவர்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களும் முந்திய இரவிலே, இந்தச் சகோதரியைப் போலவே, புத்தகத்தை விரித்து வைத்து ஆயத்தம் செய்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு, அவ்வாறான ஒரு நாளுக்குப் பின் வரும் ஞாயிறு, பிள்ளைகள் முன் நிற்கும் ஆசிரியர் என்ன சொல்வார்? அயலவன் யார் என்று கேட்ட சட்ட அறிஞருக்கு இயேசு நல்ல சமாரியன் கதையைச் சொன்னார். யூதருக்கு ஆகாதவன் எனக் கருதப்பட்ட ஒருவனே அக்கதையில் காயத்துக்கு மருந்திட்டான். காலையிலே குர்ஆன் ஓதப் போகும் பிள்ளையும், ஞாயிறன்று மறைக்கல்விக்குப் போகும் பிள்ளையும் ஒரே மணலில் விளையாடும் ஊரில், இந்தக் கதையை எவ்வாறு சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த தலைமுறையின் அயலுறவு அமையும். ஐந்து வயதுப் பிள்ளை இறையியலைக் கேட்பதில்லை. ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது. அயலவரைப் பற்றிச் சொல்லும்போது அந்த முகம் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே அது கற்றுக்கொள்கிறது.

ஆகவே சகோதரிக்கு நான் சொன்னவை மூன்றுதான். சவேரியார் செய்ததுபோல, சொல்லப்போவதன் பொருளை முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், பிழைவிட்டால் திருத்துங்கள். அண்ணாவிமார் செய்ததுபோல, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதையை வாயாற் சொல்லப் பழகுங்கள். மூன்றாவதாக, பனி கொட்டும் அந்த ஊரின் பிள்ளைகளுக்குக் கலிலேயாவைக் காட்டுமுன் ஆலங்குடாவைக் காட்டுங்கள்.

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எங்கள் அப்பா கரைவலைக்குப் போனவர், அண்ணா. அந்தப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கொண்டுபோகிறேன்" என்றார்.

ஆயத்தம் முடிந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.