தொண்டிபிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால்

1591 மார்ச் மாதம். இன்றைய மாலி நாட்டில், காவோ நகருக்கு வடக்கே, நைஜர் நதியோரம் தொண்டிபி என்ற இடத்தில் சொங்காய்ப் பேரரசின் படை மாட்டு மந்தையை முன்னால் விரட்டிக்கொண்டு வந்தது. எதிரே, மொராக்கோவிலிருந்து சகாராவைக் கடந்து வந்திருந்த படை. புறப்படும்போது அதில் சுமார் 4,000 வீரர்கள். பாதிக்கு மேல் துப்பாக்கிக்காரர்கள். வெடிச்சத்தத்தில் மிரண்ட மாடுகள் திரும்பி, ஓட்டிவந்தவர்களையே மிதித்தன. ஓட மறுத்த வீரர்கள் சிலர் கேடயத்தைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். உட்கார்ந்தபடியே கொல்லப்பட்டார்கள்.

துப்பாக்கி வென்றது, ஈட்டி தோற்றது என்று இதை ஒரே வரியில் முடிப்பது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. சொங்காய்க் குதிரைப்படை மட்டுமே 12,500 என்கிறது திம்பக்டுவில் எழுதப்பட்ட 'தாரிக் அஸ்-சூடான்' நூல். மிகையென்று பாதியைத் தள்ளினாலும் பெரிய படைதான். அதன் முதுகெலும்பு எப்போது முறிந்தது என்று தேடினால் தொண்டிபிக்கு முன்பே போக வேண்டியிருக்கிறது.

மாலிப் பேரரசு தளர்ந்த வேளையில் தலையெடுத்தவர் சுன்னி அலி. 1468-இல் திம்பக்டுவைப் பிடித்தார். பிறகு நீண்ட முற்றுகையில் ஜென்னேயையும் பணிய வைத்தார். நைஜரில் படகுப்படை, கரையில் குதிரைப்படை என்று நதியையே ராஜபாட்டையாக்கிக்கொண்டவர். திம்பக்டு அறிஞர்கள் அவரைக் கொடுங்கோலன் என்றே எழுதி வைத்தார்கள்; அவரிடம் உதைபட்டவர்கள் அவர்கள், வேறெப்படி எழுதுவார்கள்? 1492-இல் அவர் இறந்ததும், மறு ஆண்டே அவருடைய மகனைத் தோற்கடித்து அரியணை ஏறினார் தளபதி முகம்மது. 'அஸ்கியா' என்ற பட்டம் அவரோடு தொடங்குகிறது. மெக்கா யாத்திரை போனார், அறிஞர்களை அரவணைத்தார், மாகாணங்களுக்கு அதிகாரிகளை நியமித்தார். சொங்காயின் பொற்காலம் அவருடையது.

ஆனால் தமக்குப் பின் யார் என்பதற்கு ஒரு முறை வகுக்கவில்லை. பிள்ளைகளோ ஏராளம். பார்வை மங்கிய கிழவரை மகன் மூசாவே 1529-இல் இறக்கிவிட்டு அமர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் மூசா கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் முதியவரை நைஜர் நதியின் ஒரு தீவுக்கு அனுப்பிவிட்டார். அஸ்கியா வம்சத்தை நிறுவியவர் அங்கே சில ஆண்டுகள் கிடந்தார்! 1529-லிருந்து 1591 வரை எட்டு அஸ்கியாக்கள். நடுவில் தாவூத் ஒருவர்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து ஆண்டவர்.

தாவூதின் மகன்கள் காலத்தில், 1588-இல், இந்த அரியணைப் போட்டி உள்நாட்டுப் போராக வெடித்தது. திம்பக்டுவின் துறைமுகமான கபராவில் இரண்டு அதிகாரிகளுக்குள் தகராறு. ஒருவரைக் கொன்ற பாலாமா சாதிக், தம்மையே அஸ்கியாவாக அறிவித்துக்கொண்டு மேற்கு மாகாணங்களின் படையோடு காவோ நோக்கிக் கிளம்பினார். அவரை எதிர்க்கப் புறப்பட்ட மன்னர் வழியிலேயே இறந்துபோனார். புதிதாகப் பதவியேற்ற இரண்டாம் இஷாக் கலகத்தை அடக்கினார். ஆனால் எதைச் செலவழித்து? பேரரசின் மேற்குப் பாதியின் தளபதிகளும் வீரர்களும் மடிந்தார்கள், சிறைப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் மொராக்கோ வந்துவிட்டது.

மொராக்கோ சுல்தான் அகமது அல்-மன்சூருக்குச் சகாராவின் தகாசா உப்புச் சுரங்கங்கள்மேல் நெடுநாள் கண். உப்புக்குப் பின்னால் தங்கம். இஷாக்கிடம் வரி கேட்டு எழுதினார். பதிலாக வந்தது கடுமையான கடிதமும் ஈட்டிகளும். பாலைவனம் தாண்டிப் படையெடுப்பதா என்று தயங்கிய ஆலோசகர்களைச் சம்மதிக்கவைத்து, ஜூதர் பாஷாவை அனுப்பினார். இந்த ஜூதர் ஸ்பெயினில் பிறந்து சிறுவயதில் பிடித்துவரப்பட்டவர்.

வென்று காவோவுக்குள் நுழைந்த ஜூதருக்கு ஏமாற்றம். மராகேஷில் கழுதைக்காரர்களின் தலைவன் வீடு இந்த அரண்மனையைவிட மேல் என்று எழுதி அனுப்பினார். ஒரு லட்சம் மித்கால் பொன்னும் ஆயிரம் அடிமைகளும் தருகிறேன், திரும்பிப் போங்கள் என்றார் இஷாக். ஜூதருக்குச் சம்மதம். சுல்தானுக்குக் கோபம், வேறொரு பாஷாவை அனுப்பினார். சுல்தானுக்குப் புரியாதது ஒன்றுண்டு: பொன் விளைந்தது காவோவில் அல்ல, தென்மேற்கே பம்புக், புரே, அகான் காடுகளில். கடையைப் பிடித்தவருக்குத் தோட்டம் கிடைக்கவில்லை. அகான் பொன்னில் பெரும்பகுதியைப் போர்ச்சுக்கீசியர் 1482-இல் கட்டிய எல்மினா கோட்டை வழியாக ஏற்கெனவே கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இஷாக்கைச் சொந்த ஆட்களே இறக்கினார்கள். ஆனால் தெற்கே தெண்டிப் பகுதியில் அஸ்கியா நூஹ் என்பவர் பல ஆண்டுகள் மறைந்திருந்து போரிட்டார். அந்த ஈரக் காட்டில் அதே துப்பாக்கிகள் திணறின. குடும்பச் சண்டையில் சிதறாமல் பேரரசு முழுதாக எதிர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

மொராக்கோக்காரர்கள் திம்பக்டு அறிஞர்களையும் விடவில்லை. அவர்களில் ஒருவரான அகமது பாபாவை விலங்கிட்டு மராகேஷுக்குக் கொண்டுபோனார்கள். தம் உறவினர்களிலேயே குறைவான நூல்கள் வைத்திருந்தவர் தாம் என்றும், அதிலேயே 1,600 பறிபோயின என்றும் அவர் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து சுல்தான் பேச, திரையை விலக்கினால்தான் பதில் சொல்வேன் என்றார். விலகியது. முஸ்லிம்களை ஒன்று சேர்க்கவே படையெடுத்தேன் என்றார் சுல்தான். அப்படியானால் பக்கத்திலிருக்கும் துலெம்சன் துருக்கியரிடமிருந்து தொடங்கியிருக்கலாமே என்று கேட்டார் அகமது பாபா. சுல்தான் நபிமொழி ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார். பாபா ஊர் திரும்ப 1608 ஆயிற்று, சுல்தான் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து.