நடக்காத விபத்தின் சரித்திரம்

ரிஷிகேசத்தில் சந்நியாசிகளுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் அதிகம் படுகிறவை ரப்பர் தோணிகள்தாம். ஜீப்புகளின் தலையில் கவிழ்த்துக் கட்டப்பட்டு அவை மலைப்பாதையில் ஏறிப் போகும். சற்று நேரத்துக்கெல்லாம் அதே தோணிகள், கூச்சலிடும் எட்டுப் பேரைச் சுமந்துகொண்டு, கங்கை வழியாகத் திரும்பி வரும். இரண்டு நாள் இதைப் படித்துறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மூன்றாம் நாள் என் தம்பி மகன், "பெரியப்பா, தலைக்கு 700 ரூபாய்தான். நீங்களும் வாங்களேன்" என்றான். 700 ரூபாய்க்கு இந்தக் காலத்தில் நல்ல செருப்புக்கூட வராது. என் மனைவி, "இந்த வயசில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது என்று ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ரிஷிகேசத்துக்கு மேலே 16 கிலோமீட்டரில் சிவபுரி. அங்கே தோணியில் ஏறி, முனி கி ரேதி அருகே இறங்க வேண்டும். ஆறு பாறைகளின் மேல் விழுந்தடித்துக்கொண்டு ஓடும் இடங்களை ராப்பிட் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாமகரணம் உண்டு. ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், டபுள் டிரபுள்! பகீரதன் இவ்வளவு தவம் செய்து கொண்டுவந்த நதியில் கோல்ஃப் மைதானம் எங்கிருந்து வந்தது என்று வழிகாட்டியைக் கேட்டேன். கர்வாலி இளைஞன் அவன். இருபத்தைந்து வயது இருக்கும். "அங்கே பள்ளம் நிறைய, பாபுஜி. பந்து விழுகிற மாதிரி நாம் விழுவோம்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரையில் எல்லோருக்கும் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த ஜாக்கெட்டில் மூன்று கொக்கிகளில் இரண்டு உடைந்திருந்தன. அதை நான்தான் முதலில் பார்த்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. மற்ற ஆறு பேரும் இளைஞர்கள். கிழவன் ஆரம்பத்திலேயே புகார் படிக்கிறான் என்று நினைப்பார்களே என்ற வெட்கம்! வழிகாட்டி ஒவ்வொருவர் ஜாக்கெட்டையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். என்னிடம் வந்ததும் நின்றான். "ஒரு கயிறு இருந்தால் கட்டிக்கொள்கிறேன், பரவாயில்லை" என்று நானே அவனுக்குச் சமாதானம் சொன்னேன். ஜீப்பில் வந்த கம்பெனி ஆளும், "அதுதான் அவரே சொல்கிறாரே, கிளம்பு" என்றான். அடுத்த கோஷ்டிக்கு நேரமாகிறதாம்.

"வேறு ஜாக்கெட் வராமல் தோணி தண்ணீரில் இறங்காது" என்றான் அந்தப் பையன். குரலை உயர்த்தவில்லை. துடுப்பைத் தோணிக்குள் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். கம்பெனி ஆள் முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போன் செய்தான். ஜாக்கெட் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. உடன் வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்க வேண்டியதில்லை.

அந்த நாற்பது நிமிஷமும் ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து, சரித்திரத்தில்தான் மூழ்கியிருந்தேன்.

காற்றடைத்த பையின் மேல் ஆற்றைக் கடப்பது புது வித்தை அல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அசீரிய அரசன் அசூர்நசீர்பாலின் அரண்மனைச் சிற்பங்கள் இருக்கின்றன. கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் போர்வீரர்கள் ஊதிய ஆட்டுத்தோலை மார்போடு அணைத்துக்கொண்டு நீந்துகிறார்கள். இமயமலை ஆறுகளிலும் எருமைத்தோலை முழுசாக உரித்து, தைத்து, ஊதி, அதன் மேல் படுத்துக் கால்களால் உதைத்து ஆற்றைக் கடத்திவிடும் தொழிலாளிகள் இருந்தார்கள். நம் ஒகேனக்கல் பரிசலும் இதற்குத் தூரத்து உறவுதான். மூங்கில் கூடையின் மேல் முன்பெல்லாம் தோல் போர்த்துவார்கள்.

தோலின் இடத்துக்கு ரப்பர் வந்தது 19-ஆம் நூற்றாண்டில். பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1840-களில் ஒரு மேலங்கி செய்தார். மழைக்குப் போர்த்திக்கொள்ளலாம், ஆறு குறுக்கிட்டால் ஊதிப் படகாக்கிக்கொள்ளலாம். அதற்குச் சற்று முன்பே, 1842-இல், அமெரிக்காவில் ஜான் ஃப்ரீமாண்ட் என்ற ராணுவ அதிகாரி ஒரு ரப்பர் படகை பிளாட் ஆற்றில் இறக்கியிருந்தார். மேற்கு மலைகளை அளந்துவிட்டுத் திரும்பும் வழி. கரையோடு நடந்து போயிருக்கலாம். ஆனால் ஆறு அழைத்தது. முதல் சில பாய்ச்சல்களைத் தாண்டியதும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அடுத்ததில் படகு கவிழ்ந்தது. ஆட்கள் பிழைத்தார்கள். கருவிகளும் குறிப்பேடுகளும் பெரும்பாலும் ஆற்றோடு போயின.

அன்று என் மனத்தில் விடாமல் நின்ற கதை ஃப்ரீமாண்ட் கதை அல்ல. 1889-ஆம் வருஷத்துக் கொலராடோ ஆற்றின் கதை. அந்த ஆற்றின் மகா பள்ளத்தாக்கை முதன்முதலில் படகில் கடந்தவர் ஜான் வெஸ்லி பவல், 1869-இல். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். இருபது வருஷம் கழித்து ஃபிராங்க் பிரௌன் என்ற வியாபாரி அதே பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றோரமாகவே, ரயில்பாதை போட நினைத்தார். நிலக்கரியைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது திட்டம். ராபர்ட் ஸ்டாண்டன் தலைமைப் பொறியாளர். மெல்லிய பலகைப் படகுகள், ஏராளமான சாமான், உற்சாகம் எல்லாம் இருந்தன. லைஃப் ஜாக்கெட் மட்டும் இல்லை. வேண்டாம் என்று பிரௌன் தீர்மானித்திருந்தார்.

1889 ஜூலை 10-ஆம் தேதி, சோப் கிரீக் என்ற பாய்ச்சலுக்குச் சற்றுக் கீழே பிரௌனின் படகு கவிழ்ந்தது. கூட இருந்தவர் நீந்திக் கரையேறினார். பிரௌன் சுழலில் சிக்கினார். பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தை அடைந்தபோது அவருடைய குறிப்புப் புத்தகம் மட்டும் தண்ணீரிலிருந்து மேலே வந்தது, மனிதர் வரவில்லை. ஐந்து நாள் கழித்து இன்னும் இருவர் மூழ்கினார்கள். அத்துடன் ஸ்டாண்டன் பயணத்தை நிறுத்திவிட்டு மலையேறி வெளியே வந்துவிட்டார்.

அவர் அதோடு விட்டிருந்தால் இது சாதாரண சோகக் கதை. ஆனால் அதே வருஷம் டிசம்பரில் ஸ்டாண்டன் மறுபடி வந்தார். இந்தத் தடவை கனமான, உறுதியான படகுகள். ஆளுக்கு ஒரு தக்கை ஜாக்கெட். ஆறு அதே ஆறு, பாறைகளும் அவையே. 1890-ஆம் வருஷம் ஏப்ரலில் அவர் கலிபோர்னியா வளைகுடாவைத் தொட்டார். புகைப்படக்காரர் ஒருவர் பாறையிலிருந்து விழுந்து கால் ஒடிந்து பாதியில் திரும்ப நேர்ந்தது. ஆனால் ஆற்றில் ஒருவரும் மூழ்கவில்லை. ரயில்பாதை கடைசிவரை போடப்படவில்லை. அந்தப் பிரயாணத்தின் லாபம் என்ன என்று என்னைக் கேட்டால், ஒரு தக்கை ஜாக்கெட்டின் விலை என்ன என்று உலகத்துக்குத் தெரிந்ததுதான்.

இப்படிப்பட்ட ஆறு 700 ரூபாய் சமாசாரமாக எப்படி ஆயிற்று? இரண்டாம் உலக யுத்தம் ஆக்கியது. யுத்தம் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் ரப்பர் தோணிகளும், பாலம் கட்ட வைத்திருந்த ரப்பர் மிதவைகளும் மலிவு விலையில் வெளியே வந்தன. அவற்றை வாங்கியவர்களில் ஒருத்தி ஜார்ஜி ஒயிட். 1944-இல் அவளுடைய பதினைந்து வயது மகள் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தாள். ஒரே மகள். அந்தத் துயரத்தோடு பாலைவனத்துக்கும் ஆற்றுக்கும் போனவள், 1945-இல் ஒரு நண்பரோடு, படகு இல்லாமல், லைஃப் ஜாக்கெட்டை மட்டும் நம்பிக் கொலராடோவில் மிதந்தாள். பிறகு தோணிகளை ஒன்றோடொன்று பிணைத்து, "செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வோம்" என்று சாதாரண ஜனங்களை அழைத்துப் போனாள். ஆசிரியைகளும் குமாஸ்தாக்களும் மகா பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். 1950-க்கு முந்தைய எண்பது வருஷங்களில் அந்தப் பள்ளத்தாக்கை ஆற்றுவழியாகக் கடந்தவர்கள் மொத்தம் ஏறக்குறைய 100 பேர். 1972-இல் ஒரே வருஷத்தில் 16,000-க்கு மேல்!

நம் கங்கையின் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டில் வில்சன் என்ற வெள்ளைக்காரன் மேலே ஹர்சிலில் தேவதாரு மரங்களை வெட்டி ஆற்றில் விட்டான். அவை இதே வழியாக மிதந்து வந்து ரயிலுக்கு அடிக்கட்டைகள் ஆயின. மரம்தான் அப்போது இந்த ஆற்றில் சவாரி செய்தது. 1977-இல் எவரெஸ்ட் புகழ் ஹில்லாரி மூன்று ஜெட் படகுகளோடு கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறினார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி அவரை நிறுத்தியது. கரையெங்கும் ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அதற்குப் பின், 1980-களில்தான், இங்கே தோணிச் சவாரி தொழிலாக வளர்ந்தது. கூட்டம் பெருகப் பெருக ஒழுங்கு குறைந்தது. 2018 ஜூனில், முறையான விதிகள் செய்யும்வரை இதெல்லாம் கூடாது என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடைபோட வேண்டி வந்தது. பிறகுதான் மறுபடி ஆரம்பித்தது.

மலிவு என்பது நல்ல காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராஜாக்களும் தளபதிகளும் மட்டும் பார்த்த ஆற்றை ஒரு பாங்கு குமாஸ்தா பார்க்க முடிகிறதே! ஆனால் மலிவாக்குகிறவன் எதைக் குறைக்கிறான் என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டைக் குறைக்கலாம். ஜீப்பில் நெருக்கி உட்கார வைக்கலாம். கொக்கியில் கைவைத்தால் அது மலிவு அல்ல, கடன். அந்தக் கடனை எவனோ ஒருவன் ஒரு நாள் ஆற்றில் அடைப்பான்.

ஜாக்கெட் வந்தது. கிளம்பினோம். கோல்ஃப் கோர்ஸில் தோணியின் மூக்கு வானத்தைப் பார்த்தது; உடனே பாதாளத்தைப் பார்த்தது. பனி உருகிய தண்ணீர் முகத்தில் அறைந்தது. "ஃபார்வர்ட்! ஃபார்வர்ட்!" என்று பின்னாலிருந்து பையனின் குரல் மட்டும் கேட்டது. துடுப்பு தண்ணீரில் பட்டதா, காற்றில் பட்டதா, தெரியாது. கண்ணைத் திறந்தபோது ஆறு அமைதியாக இருந்தது. ஒருவரும் விழவில்லை. பழைய ஜாக்கெட்டோடு வந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இதுதான் சங்கடம். நடந்த விபத்துக்குச் சாட்சி உண்டு, சமாதி உண்டு, சரித்திரம் உண்டு. நடக்காத விபத்துக்கு என்ன உண்டு? நாற்பது நிமிஷத் தாமதமும் எட்டுப் பேரின் முணுமுணுப்பும்தான்.

லட்சுமண் ஜூலாவின் நிழலில் மிதந்தபோது இன்னொரு சங்கதி நினைவுக்கு வந்தது. 1893-இல் இந்த ஆற்றின் மேற்பகுதியில், பிரேஹி கங்கை என்ற உபநதியின் குறுக்கே ஒரு மலையே சரிந்து விழுந்தது. பின்னால் பெரிய ஏரி தேங்கிற்று. புல்ஃபோர்ட் என்ற பொறியாளர் போய்ப் பார்த்தார். அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஏரி நிரம்பி உடையும் என்று கணக்குப் போட்டார். ஏரிக் கரையிலிருந்து ஹரித்துவார்வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். ஓர் அதிகாரி ஏரியின் பக்கத்திலேயே காவல் இருந்தார். 1894 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இரவு ஏரி உடைந்தது. கர்வாலின் பழைய தலைநகரமான ஸ்ரீநகர் அடியோடு போயிற்று. செத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்து பேர். ஒரு பக்கீரும் அவர் குடும்பமும். அவர்களையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள், திரும்பி வந்துவிட்டார்கள்.

2013 ஜூனில் கேதாரநாத்தில் வெள்ளம் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். அந்தத் தேதி நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. 1894 யாருக்கு நினைவிருக்கிறது? ஆயிரக்கணக்கானவர்கள் சாகாமல் இருந்ததால் அது மறந்துபோயிற்று!

முனி கி ரேதியில் கரையேறினோம். எதிரே சிவானந்தாசிரமம். பத்தமடையில் பிறந்து, மலேயாவில் டாக்டராக இருந்து, எல்லாவற்றையும் விட்டு 1924-இல் இங்கே வந்தாரே, அந்தச் சுவாமி சிவானந்தர், சந்நியாசம் வாங்கிய பிறகும் மருந்துப் பெட்டியை விடவில்லை. யாத்ரீகர்களுக்கு லட்சுமண் ஜூலா அருகே இலவச வைத்தியசாலை நடத்தினார். அவர் குணப்படுத்திய காய்ச்சல்களுக்கும் கணக்கு இல்லை.

உடை மாற்றிக்கொண்டு வந்து, வழிகாட்டிப் பையன் கையில் 200 ரூபாய் வைத்தேன். "எதற்கு பாபுஜி? ஒன்றும் நடக்கவில்லையே" என்றான்.

"அதற்குத்தான்" என்றேன். என் ஹிந்தி அவனுக்குப் புரிந்ததோ என்னவோ, சிரித்துக்கொண்டே அந்த உடைந்த ஜாக்கெட்டைத் தேடப் போனான். அடுத்த கோஷ்டிக்கு யாரும் அதை மாட்டிவிடுவதற்கு முன்னால் எடுத்து ஒளித்து வைக்க வேண்டுமாம்.