இனத்தைக் கேட்கும் 111, கேட்காத 15

உடம்பு முடியாத ஒருவர் மருத்துவ உதவிக்காக லண்டனிலிருந்து 111-ஐ அழைத்தாலும், பாரிஸிலிருந்து 15-ஐ அழைத்தாலும், எடுப்பவருக்கு அவர் முகம் தெரியாது. நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, எப்போதிலிருந்து என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இங்கிலாந்தில் இவற்றோடு "நீங்கள் எந்த இனத்தைச் சேர்ந்தவர்?" என்ற கேள்வியும் வரலாம். பிரான்ஸில் வராது.

இங்கிலாந்து 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முதலாக இனத்தைக் கேட்டது. 1995 முதல் மருத்துவமனையில் சேருவோரின் இனத்தைப் பதிவது கட்டாயம். பிரான்ஸிலோ 1978-ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் தவிர, இனத் தகவல் திரட்டுவதையே தடுக்கிறது.

அந்தத் தடையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1940-இல் பாரிஸில் யூதர்களைக் கணக்கெடுத்துக் காவல்துறை அட்டைகள் தயாரித்தது. 1942 ஜூலையில் அதே அட்டைகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 13,000 பேரைப் பிடித்தார்கள். பட்டியலின் ஆபத்து ஈழத்தமிழருக்கும் தெரியும். 1983 ஜூலையில் கொழும்பில் தாக்க வந்தவர்கள் வாக்காளர் பட்டியலை வைத்துத் தமிழர் வீடுகளை அடையாளம் கண்டார்கள் என்பதைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி வந்த ஒரு முதியவர் தொலைபேசியில் இனம் பற்றிய கேள்வியைக் கேட்டதும் தயங்கினால் அது நியாயமான தயக்கம்.

ஆனாலும் கேட்காமல் விடுவதற்கும் ஒரு விலை உண்டு. கொரோனாவின் முதல் அலையில், 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில், பிரான்ஸில் பிறந்தவர்களிடையே சாவு முந்தைய ஆண்டைவிட 22 விழுக்காடு கூடியது. ஆசியாவில் பிறந்தவர்களிடையே 91, சகாராவுக்குத் தெற்கே பிறந்தவர்களிடையே 114. பிறந்த நாடு பதிவில் இருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. அவர்களுடைய பிள்ளைகள் பிரான்ஸிலேயே பிறந்தவர்கள்; அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை இந்தக் கணக்கு காட்டவில்லை. இங்கிலாந்திலும் அப்போது இறப்புச் சான்றிதழில் இனம் இருக்கவில்லை. ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் இருந்ததால், இரண்டையும் இணைத்துப் பார்த்து, கறுப்பினத்தார் கொரோனாவால் இறக்கும் வாய்ப்பு வயதைக் கணக்கில் கொண்டாலும் வெள்ளையரைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று 2020 மே மாதமே சொல்ல முடிந்தது.

தொலைபேசியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. படிவத்தில் இனம் இல்லாவிட்டாலும் பெயரும் உச்சரிப்பும் கேட்பவர் காதில் விழத்தான் செய்கின்றன. அவர் மனத்தில் ஓர் ஊகம் எழும். அந்த ஊகத்தால் ஒருவரின் வலி குறைத்து மதிப்பிடப்பட்டால் அதைக் கண்டுபிடிக்கப் பிரான்ஸில் எண்களே இருக்காது. என் கண்ணில் பிரான்ஸ் முறையின் பெரிய குறை இதுதான்.

இங்கிலாந்து முறையும் நிறைவானதல்ல. கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வீட்டுக்குக் கொடுத்து, அளவைத் தொலைபேசியில் கேட்டுக் கண்காணித்தார்கள். அக்கருவி கருந்தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவை அது தவறவிட்டது வெள்ளையரிடம் தவறவிட்டதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எண்ணை மட்டும் எழுதிக்கொள்பவருக்கு இது எப்படித் தெரியும்? இனத்தைக் கேட்டு வைத்தாலும் தோல் நிறம் அதில் முழுதாகத் தெரியாது. போதாததற்கு, 2001 கணக்கெடுப்பை ஒட்டிய பட்டியலில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் உண்டு. ஈழத்தமிழர் "பிற ஆசியர்" என்ற கட்டத்துக்குள் போகிறார். நோயாளிகளின் விவரங்களைக் குடியேற்றத் துறையோடு பகிரும் ஓர் உடன்பாடும் 2017-இல் நடைமுறைக்கு வந்து, எதிர்ப்புக்குப் பின் 2018-இல் கைவிடப்பட்டது. கேள்விக்குப் பதில் சொல்லும் நம்பிக்கையை இப்படிப்பட்டவை குலைக்கும்.

இருந்தும் இரண்டில் இங்கிலாந்தின் வழியையே நான் ஏற்கிறேன். மூச்சுத் திணறுபவரிடம் முதலில் இனம் கேட்கக்கூடாது. நோயைக் கவனித்த பிறகு, எதற்கென்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். குரலைக் கேட்டுத் தாமாகவே நிரப்பிவிடக்கூடாது. லண்டனில் இதைப் படிக்கும் தமிழர்களே, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்பதையும் அங்கே ஒரு பதிலாக ஏற்றுக்கொள்வார்கள்.