வாடகைக்கு ஓடும் படம்

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஹவுஸ் ஆஃப் குச்சி’ 2021 நவம்பர் 24 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. புகழ்பெற்ற ஆடம்பரப் பை, காலணி நிறுவனத்தின் வாரிசான மௌரிட்சியோ குச்சி, 1995 மார்ச் 27 காலையில் மிலன் நகரில் தன் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலிக்கு ஆள் வைத்துக் கொன்றதாக அவருடைய முன்னாள் மனைவி பத்ரீட்சியா ரெஜ்ஜானி 1998இல் தண்டிக்கப்பட்டார். இதுதான் படத்தின் கதை. லேடி காகா, ஆடம் டிரைவர், அல் பசீனோ என்று ஊரறிந்த நடிகர்கள். ஆனால் இன்று ஒருவர் வீட்டில் இருந்தபடி இதைப் பார்க்க நினைத்தால், முதல் வேலையே அது எந்தத் தளத்தில் கிடைக்கிறது என்று தேடுவதுதான். ஒரு நாட்டில் ஒரு தளம், அடுத்த நாட்டில் வேறொன்று. இந்த மாதம் சந்தாவுக்குள் அடங்கியிருக்கும், அடுத்த மாதம் தனிக் கட்டணம் கேட்கும். இதற்கு விடை சொல்வதையே தொழிலாகக் கொண்டு பெர்லினில் ‘ஜஸ்ட்வாட்ச்’ என்றொரு நிறுவனம் நடக்கிறது. இந்த அலைச்சலை இணையம் கொண்டுவந்த புதுத் தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நூறாண்டுகளுக்கும் மேலாகத் திரைத்தொழில் படத்தை விற்பதில்லை. இன்ன ஊரில், இன்ன காலம்வரை காட்டும் உரிமையை மட்டுமே விற்கிறது. இடையில் வந்துபோன கேசட், டிவிடி காலம் அதற்கு ஒரு விதிவிலக்கு. அந்த விதிவிலக்கையே இயல்பு என்று எண்ணிப் பழகிவிட்டதால்தான் இன்றைய நிலை நமக்குப் புதிதாகத் தெரிகிறது.

தொடக்கத்தில் படம் விற்பனைச் சரக்காகவே இருந்தது. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், உடல்நலம் குன்றி ஊர் திரும்பவிருந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டினார். எந்த ஊரில் காட்டலாம், எத்தனை நாள் காட்டலாம் என்று அவரைக் கேட்க ஆள் இல்லை. சுருள் அவருடையது, தேய்ந்து கிழியும்வரை ஓட்டலாம், வேண்டாமென்றால் இன்னொருவருக்கு விற்கலாம். உலகெங்கும் அப்போது அதுதான் நடைமுறை. அதை மாற்றியது அன்றைய மாபெரும் படக் கம்பெனியான பிரான்சின் பாத்தே. 1907இல் அது பிரதிகளை விற்பதை நிறுத்திவிட்டு வாடகைக்கு விடும் முறைக்கு மாறியது. காரணம் எளிது. விற்ற பிரதி கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டே இருந்தது; அதனால் புதுப் படத்துக்குக் கிராக்கி குறைந்தது; எத்தனை ஊரில் ஓடினாலும் எடுத்தவருக்கு ஒரு முறைதான் பணம் கிடைத்தது. வாடகைக்கு விட்டால் சுருள் திரும்பி வந்துவிடும், காசும் மறுபடி மறுபடி வரும். மற்றக் கம்பெனிகளும் வெகுவிரைவில் அந்த வழிக்கு வந்தன. அன்றிலிருந்து படம் என்பது திருப்பித் தரவேண்டிய பொருள்.

இந்த வாடகை முறை எவ்வளவு நுட்பமாக வளர்ந்தது என்பதற்குத் தமிழ்த் திரைத்தொழிலே நல்ல சான்று. ஒரு படத்தின் தமிழ்நாட்டு உரிமை ஒரே துண்டாக விற்கப்படுவது நெடுங்காலம் அபூர்வமாகவே இருந்தது. சென்னை நகரம் தனி; செங்கல்பட்டும் பழைய வட, தென் ஆற்காடும் சேர்ந்த என்.எஸ்.சி. தனி, கோவை, சேலம், மதுரை, திருச்சி–தஞ்சாவூர், நெல்லை–குமரி எல்லாம் தனித்தனி ஏரியாக்கள். வெளிநாட்டு உரிமைக்கு இன்னொருவர் வருவார். மினிமம் கியாரண்டியா (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை), அவுட்ரேட்டா (மொத்த விலை) என்று ஒவ்வோர் ஏரியாவுக்கும் பேரம் நடக்கும். காலமும் இப்படியே கூறுபோடப்பட்டது: முதலில் பெரிய நகரங்கள், பிறகு பி சென்டர், சி சென்டர் எனப்படும் சிறு நகரங்களும் சிற்றூர்களும், கடைசியில் டூரிங் டாக்கீஸ். அங்கே போய்ச் சேரும்போது சுருளில் கோடு விழுந்து, வெட்டி ஒட்டிய இடங்களில் வசனம் குதிக்கும். ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்கள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. ஓரிடத்தில் ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த தியேட்டருக்குப் பறப்பார்கள். வழியில் தாமதமானால் அங்கே இடைவேளை நீளும். படப்பெட்டி ஊருக்கு வந்துவிட்டதா என்று விசாரித்த அன்றைய ரசிகரும், படம் எந்தத் தளத்துக்கு வந்திருக்கிறது என்று தேடும் இன்றைய ரசிகரும் கேட்பது ஒரே கேள்வி. அமெரிக்காவிலும் இதே கதைதான். முதல் ஓட்டம், இரண்டாம் ஓட்டம், இடையே கட்டாயக் காத்திருப்பு என்று அடுக்கி வைத்திருந்தார்கள். படம் எடுப்பவர்களே தியேட்டர்களையும் கையில் வைத்திருப்பது தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. கைகள் பிரிக்கப்பட்டன, ஆனால் கூறுபோட்டு விற்கும் முறை அப்படியே நின்றது.

அந்த முறையில் விழுந்த ஒரே பெரிய ஓட்டை வீடியோ கேசட். வீட்டில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய உதவும் கருவியை விற்றதற்காகச் சோனி நிறுவனத்தின்மீது யுனிவர்சல் தொடுத்த வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதைவிட ஆழமாக வேலை செய்தது ஒரு பழைய சட்டக் கொள்கை: முறைப்படி வாங்கிய பிரதியை வாங்கியவர் விற்கலாம், இரவல் தரலாம், வாடகைக்கும் விடலாம், உரிமையாளரிடம் மறுபடி கேட்க வேண்டியதில்லை. வீடியோ வாடகைக் கடைகள் இந்தக் கொள்கையின் மேல்தான் எழுந்தன. அதை மாற்றப் பட நிறுவனங்கள் முயன்று தோற்றன. இசைத்தட்டு நிறுவனங்கள் தங்களுக்கு மட்டும் அப்படியொரு விலக்கை 1984இல் பெற்றன. இந்தியச் சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. படத்தின் பிரதியை வாடகைக்கு விட இங்கே உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஆனாலும் தெருவுக்குத் தெரு கேசட் கடைகள் நடந்தன. எப்படி வந்திருந்தாலும் விளைவு ஒன்றே: அலமாரியில் ஏறிய படம் அலமாரியிலேயே இருந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மாதக் கடைசியில் யாரும் வந்து எடுத்துப் போகவில்லை. படத்தின் பிரதி பெருமளவில் பார்ப்பவர் கைக்கே வந்தது.

நெட்ஃபிளிக்ஸின் வரலாறே இந்த மாற்றத்தை இரு பாதியாகக் காட்டுகிறது. 1998இல் தபாலில் டிவிடி அனுப்பத் தொடங்கியபோது, கடையில் கிடைக்கும் எந்த டிவிடியையும் வாங்கி வாடகைக்கு அனுப்ப அதற்கு உரிமை இருந்தது. 2007இல் இணையவழி காட்டத் தொடங்கியதும் அந்த உரிமை பயனற்றுப் போனது. கைமாற்ற ஒரு பொருள் அங்கே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு நாட்டுக்கும், இன்ன தேதிவரை என்று உரிமம் வாங்கியாக வேண்டும். 2023இல் தபால் சேவையை அது மூடியபோது, டிவிடிப் பட்டியலில் இருந்த பழைய படங்கள் பல அதன் தளத்துக்கு வராமலே போயின. காசு கொடுத்து வாங்கு என்ற பொத்தானை அழுத்தினாலும் நமக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதிதான், படமல்ல. இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே இயற்றியது. அது 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. பாத்தேயின் பழைய முறை முழு வலிமையோடு திரும்பிவிட்டது. முன்பு தியேட்டர்காரர் வாடகைக்கு எடுத்தார். இப்போது நாம் எடுக்கிறோம்.

‘ஹவுஸ் ஆஃப் குச்சி’யை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அதன் அலைச்சல் புரிகிறது. படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது எம்.ஜி.எம். தரப்பு; வெளிநாடுகளில் யுனிவர்சல். பிறந்தபோதே படம் இரண்டு கைகளில் இருந்தது. திரைக்கு வந்து நான்கு மாதம் ஆவதற்குள், 2022 மார்ச்சில், எம்.ஜி.எம். நிறுவனத்தையே அமேசான் 845 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அப்படியானால் படம் எல்லா ஊரிலும் அமேசான் தளத்தில்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் நிறுவனத்தை வாங்குபவர் அது ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களையும் சேர்த்தே வாங்குகிறார். எம்.ஜி.எம். வரலாறு இதற்கு முன்பே பாடம் சொல்லியிருக்கிறது. 1986இல் அந்த நிறுவனத்தை வாங்கிய டெட் டர்னர், சில மாதங்களில் மற்றவற்றை விற்றுவிட்டுப் பழைய படங்களை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். அவை பின்னர் வார்னர் வசம் போயின. அதனால் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ தொடக்கத்தில் கர்ஜிப்பது எம்.ஜி.எம். சிங்கம், படம் வார்னருடையது. குச்சி குடும்பத்தின் கதையும் இதேதான். 1921இல் ஃபுளோரன்ஸில் குச்சியோ குச்சி தொடங்கிய தொழிலின் பங்குகள் மகன்கள், பேரன்கள் சண்டையில் சிதறி, பஹ்ரைனைச் சேர்ந்த இன்வெஸ்ட்கார்ப் கைக்குப் போயின. மௌரிட்சியோ தன் பாதிப் பங்கை 1993இல் விற்றார். அவர் சுடப்பட்டபோது குச்சி நிறுவனத்தில் குச்சி குடும்பத்தவர் ஒருவருக்கும் பங்கில்லை. பெயர்ப்பலகை அப்படியே நிற்க, உடைமை கைமாறிப் போவது அந்தக் குடும்பத்துக்கும் நடந்தது, அவர்களைப் பற்றிய படத்தை எடுத்த நிறுவனத்துக்கும் நடந்தது.

படத்தை இப்படி வாடகைப் பொருளாகவே வைத்திருப்பதைக் குறை சொன்னால் வலுவான மறுப்பு ஒன்று எழும். கூறுபோட்டு விற்காவிட்டால் படமே எடுக்க முடியாது என்பார்கள் திரைத்துறையினர். உண்மைதான். ஏரியா விற்கும் என்ற நம்பிக்கையில்தான் ஃபைனான்சியர் பணம் தருகிறார். வெளிநாட்டு உரிமையை முன்கூட்டியே விற்றுப் படம் எடுப்போர் ஹாலிவுட்டிலும் பலர். தியேட்டர்காரர்களின் அச்சமும் நியாயமானதே. 2013இல் ‘விஸ்வரூப’த்தை டி.டி.எச். வழியாக முன்னதாகக் காட்டக் கமல்ஹாசன் முனைந்தபோதும், 2020இல் ‘பொன்மகள் வந்தாள்’ நேரே இணையத்துக்குப் போனபோதும் அவர்கள் கொதித்தது தங்கள் பிழைப்புக்காக. முதலீடு திரும்பும்வரை படத்தைப் பூட்டி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பூட்டுக்குக் கணக்கு வேண்டாமா? 2021இல் வெளியான ‘ஹவுஸ் ஆஃப் குச்சி’யின் காப்புரிமை அமெரிக்கச் சட்டப்படி 2116 முடியவும், இந்தியச் சட்டப்படி 2081 முடியவும் நீடிக்கும். முதல் சில ஆண்டுகளில் வசூலாகிவிடும் பணத்துக்காகத் தலைமுறைகள் தாண்டிப் பூட்டுவதை முதலீட்டு நியாயம் தாங்காது.

இன்னொரு மறுப்பு, எந்த வீடியோ கடையிலும் இல்லாத அளவுக்குப் படங்கள் இன்று வீட்டுக்கே வருகின்றனவே என்பது. வருகின்றன, நிலைப்பதில்லை. திருட்டுப் பிரதிகள் இருக்கின்றனவே என்பவர்களும் உண்டு. அது உழைத்தவர் வயிற்றில் அடிப்பது. தவிரவும் அங்கே யாரும் எதையும் பாதுகாப்பதாகப் பொறுப்பேற்பதில்லை. பொறுப்பு யாருக்கும் இல்லாத இடத்தில் படங்கள் என்ன ஆகும் என்பதை நாம் பட்டு அறிந்தவர்கள். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இன் ‘காளிதாஸ்’ இல்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப்படம் மட்டும் எப்படி மிஞ்சியது? படத்துக்கு மூலமான நாவலின் உரிமை தங்களுடையது என்று திருவனந்தபுரத்துக் கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குப் போட்டது; பிரதி கைப்பற்றப்பட்டது; ஓட்ட முடியாமல் புத்தகக்காரர்களிடமே கிடந்தது. அங்கிருந்து 1974இல் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராக வாடகைக்கு ஓடிய படங்கள் அழிந்தன. வாடகைச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட படம் பிழைத்தது. ஒரு பிரதியாவது சந்தைக்கு வெளியே இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே படம் எங்கே கிடைக்கும் என்று தேடுபவருக்கு இந்த வரலாறு இரண்டு விடைகள் தருகிறது. உடனடி விடை இது: உங்கள் நாட்டு உரிமை யாரிடம் என்று பாருங்கள், சந்தாப் பட்டியலை மட்டும் நம்பாமல் தனிக் கட்டணத்தில் வாடகைக்குத் தரும் தளங்களிலும் தேடுங்கள், ஏனென்றால் அந்த உரிமம் பெரும்பாலும் ஒருவருக்கே என்று எழுதப்படுவதில்லை, மிகவும் பிடித்த படமென்றால் டிஸ்க் வாங்கிவிடுங்கள். நீண்டகால விடை சட்டத்தில்தான் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். பதிப்பாளர் நொடித்துப்போனாலும், உரிமை பத்துக் கை மாறினாலும், அங்கே போய்ப் படிக்கலாம். திரைப்படத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பிரான்சில் படங்களின் பிரதியை அரசிடம் ஒப்படைப்பது சட்டக் கடமை. அதனால் அங்கே சினிமா விற்பது நின்றுவிடவில்லை. இங்கும் அந்தக் கடமை வரவேண்டும். ஒப்படைத்த படத்தை, வசூல் காலம் முடிந்தபின், பொது நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் உரிமையும் கூடவே வரவேண்டும். நூலுக்குச் செய்ததைப் படத்துக்கும் செய்ய இனியும் தயங்கக் காரணமில்லை.